தூய ஆர்கன் என்றொரு கருவி இருந்ததே இல்லை

ஆர்கன் இசையோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள் என்று மேற்கத்தியச் செவ்வியல் இசையின் படித்த ரசனை அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1968-ல் வெண்டி கார்லோஸ் பாஹின் இசையை மூக் சிந்தசைசரில் வாசித்து ‘ஸ்விட்ச்டு-ஆன் பாஹ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டபோது அந்தக் குரல் எழுந்தது. 1970 டிசம்பரில் வர்ஜில் ஃபாக்ஸ், ராக் குழுக்கள் வாசிக்கும் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்குக்கு ஒரு மின்னணு ஆர்கனை எடுத்துப்போய், பின்னால் வண்ண ஒளிகள் சுழல பாஹை வாசித்தபோது மறுபடி எழுந்தது. 1980-ல் ஸ்கை என்ற குழு, பாஹின் பெயரில் வழங்கும் டி மைனர் டொக்காட்டாவை கிட்டாரும் பேஸும் டிரம்ஸுமாக வாசித்து பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தபோது இன்னும் உரக்க எழுந்தது. ஒவ்வொரு முறையும் கேட்பவர்கள் இரண்டு அணியானார்கள். கைதட்டியவர்கள் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் இசைப் பள்ளியின் பாடத்திட்டமும் பத்திரிகையின் விமர்சனப் பக்கமும் முகம் சுளித்தவர்கள் கையில்தான் இருந்தன. அதனால் அவர்கள் கருத்தே நாகரிகமான கருத்து என்று நிலைத்துவிட்டது. அது தவறு என்பதே இந்தக் கட்டுரை.

எதிர்த்தரப்பை அதன் பலவீனமான வாயால் பேசவைத்து வெல்வதில் பெருமை இல்லை. அதன் வலுவான வடிவம் இதுதான்: ஆர்கன் தன்னளவில் நிறைவான கருவி. நான்கைந்து விசைப்பலகைகள், கால்களுக்கென்று ஒரு பெடல் வரிசை, ஆயிரக்கணக்கான குழாய்கள் என்று ஓர் ஆள் வாசிக்கும் முழு வாத்தியக் குழு அது. அதற்குத் துணை தேவையில்லை. அதற்கென்று எழுதிய மேதைகள் ஒவ்வொரு சுரத்தையும் எடைபோட்டு எழுதியிருக்கிறார்கள். அதன்மேல் இன்னொரு கருவியை ஏற்றுவது எழுதியவரின் எண்ணத்தை மீறுவது. ஃபியூக் போன்ற வடிவத்தில் மூன்று, நான்கு, ஐந்து குரல்கள் தனித்தனியாக நடக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஓசை அந்த நடையை மூடிவிடும். டிரம்ஸ் வந்தால் வாசிப்பவரின் கால அளவுச் சுதந்திரமே போய்விடும். போதாததற்கு இது வழிபாட்டில் வளர்ந்த இசை, சந்தைக்கு இழுத்து வரக்கூடாதது. இவற்றில் ஒரு வாதம் உண்மையிலேயே கனமானது, டிரம்ஸைப் பற்றியது. அதற்கு உரிய இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். மற்றவை பழக்கம் காரணமாகவே வலுவாகத் தெரிகின்றன.

1. எந்த ஆர்கன் தூயது? எந்த ஆண்டின் ஆர்கன்? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் க்டெசிபியஸ் என்ற பொறியாளர் நீரின் எடையைக் கொண்டு காற்றழுத்தத்தைச் சீராக்கிக் குழாய்களை ஒலிக்கவைத்தார். பிறந்த நாளிலேயே அது அன்றைய புதிய தொழில்நுட்பம். ரோமானியர்கள் அதைக் கொண்டுபோய் வைத்த இடம் கிளாடியேட்டர்கள் வெட்டிக்கொண்ட அரங்கம். லிபியாவின் ஸ்லிட்டன் நகரில் கிடைத்த மொசைக் தரை ஓவியத்தில் ஆர்கன் வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே கொம்பும் எக்காளமும் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். 757-ல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பிராங்கிய மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனை அனுப்பினார். ஓர் அரசவை இன்னோர் அரசவைக்கு அனுப்பிய ஆடம்பரப் பரிசு அது. மேற்கு ஐரோப்பாவின் தேவாலயங்களில் அது ஊன்றிக்கொண்டது பிற்பாடுதான்.

ஊன்றிக்கொண்ட பிறகாவது மாறாமல் இருந்ததா? ஆர்கனில் குழாய் வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டாப் குமிழ்களில் எழுதியிருக்கும் பெயர்களைப் படித்தாலே போதும்: ட்ரம்பெட், ஓபோ, ஃப்ளூட், வியோலா ட காம்பா, மனிதக் குரல். பக்கத்து வாத்தியங்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு பெருத்த கருவி அது. பரோக் காலத்து ஆர்கன்களில் சுழலும் நட்சத்திரத்தில் மணிகள் கட்டியிருந்தார்கள்; குயிலோசைக்கும் பறவைப் பாட்டுக்கும் தனிக் குழாய்கள் வைத்தார்கள். தென் ஜெர்மனியின் வைங்கார்ட்டன் மடாலயத்தில் யோசெஃப் காப்லர் 1750-ல் முடித்த ஆர்கனில் திராட்சைக் குலை வடிவில் மணிகள் தொங்குகின்றன. முரசொலிக்கும் ஒரு ஸ்டாப் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய ஆர்கன்களுக்குள் ராணுவ பேண்டின் டிரம்மும் ஜால்ராவும் மணியும் பொருத்தப்பட்டிருந்தன, அதுவும் தேவாலயங்களிலேயே. 1841-ல் பாரிஸ் அருகே சாந்-தெனியில் கவாயே-கோல் தன் ஆர்கனுக்குள் பார்க்கர் நெம்புகோலை வைத்தார். விசையை அழுத்தும் பாரத்தைக் காற்றே சுமந்தது. அடுத்து மின்சாரம் வந்தது. துருத்தி மிதித்த ஆட்கள் வேலையிழந்தார்கள், மோட்டார் காற்றடித்தது. இன்று ‘மூல ஒலி’யைக் காக்கிறேன் என்று நெஞ்சு நிமிர்த்தும் வாசிப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மோட்டாரை நிறுத்திவிட்டு வாசிப்பதில்லை. ஊமைப் படக் கொட்டகைகளுக்கு வுர்லிட்ஸர் நிறுவனம் செய்த ஆர்கன்களில் அசல் டிரம்மும் சைலஃபோனும் குழாய் அறைக்குள்ளேயே இருந்தன. இந்த வரலாற்றில் ஏதோ ஓர் ஆண்டில் கோடு கிழித்து, இதுவரை வந்தது ஆர்கன், இனி வருவது கலப்படம் என்று சொல்லலாம். ஆனால் அந்த ஆண்டு எது, ஏன் அது என்று சொல்லியாக வேண்டும். இதுவரை யாரும் சொல்லவில்லை.

2. ‘அவர் எழுதியபடியே’ என்கிறார்களே, அவர் எதை எழுதினார்? ஆர்கனுக்கான தன் இசையில் எந்த ஸ்டாப்பை இழுக்க வேண்டும் என்று பாஹ் குறித்துவைத்த இடங்கள் மிகச் சில. பெரும்பாலான படைப்புகளில் சுரங்கள் இருக்கின்றன, ஒலியின் நிறம் இல்லை. அதே ஃபியூகை ஒருவர் மென்மையான மரக்குழாய்களில் வாசிக்கலாம், இன்னொருவர் சுவர் அதிரும் நாக்குக் குழாய்களில் வாசிக்கலாம். இருவருமே ஏட்டுக்கு விசுவாசமானவர்கள்தான். ஒலியின் நிறத்தை வாசிப்பவரிடமும் அந்தந்த ஊரின் கருவியிடமும் விட்டுவிட்ட ஒரு மரபில், நிறத்தை மாற்றுவதே துரோகம் என்று வாதிடுவது விந்தை.

அவருடைய செயல்களையும் பார்க்க வேண்டும். விவால்டியின் வயலின் கான்செர்ட்டோத் தொகுப்பு 1711-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வைமார் நகரத்துக்கு வந்து சேர்ந்ததும், இளம் பாஹ் அதிலிருந்து எடுத்து ஆர்கனுக்கு மாற்றி எழுதினார். தன் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் வெளியிட்ட ஷூப்லர் கோரால்களில் ஆறில் ஐந்து, முன்பு குரலுக்கும் வாத்தியங்களுக்குமாக எழுதிய கண்டாட்டாப் பகுதிகளே என்பது உறுதியாகத் தெரிகிறது. ஆர்கன் இசையின் உச்சங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் ‘வாஹெட் ஔஃப்’ அதில் ஒன்று. ஆர்கனுக்கே உரியது என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி இரவல் உடையில் வந்தது.

எதிர்த்திசையிலும் அவர் போனார். அதுதான் இந்த வழக்கின் மையச் சாட்சி. தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதியை 1720 தேதியிட்ட அவருடைய கையெழுத்துப் பிரதியில் பார்க்கலாம். நான்கு தந்தி, ஒரு வில், மூச்சுவிடாமல் ஓடும் ஒரே கோடு. தன்னளவில் நிறைவானது என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். 1731 ஆகஸ்டில் லைப்சிக் நகரமன்றம் பதவியேற்றபோது நடந்த வழிபாட்டுக்கான கண்டாட்டாவில் பாஹ் அதை என்ன செய்தார்? வயலினின் கோட்டை ஆர்கனுக்குக் கொடுத்தார். அதைச் சுற்றி தந்தி வாத்தியங்களை நிறுத்தினார். ஓபோக்களைச் சேர்த்தார். அதற்கும் மேல் மூன்று ட்ரம்பெட்டுகளையும் டிம்பனி முரசுகளையும் ஏற்றினார். ஊர்வலத்துக்கும் படைமுகாமுக்கும் உரிய முரசு, ஆர்கனோடு, தேவாலயத்துக்குள், ஒரு தனி வயலின் இசையின் மேல். இன்று இதே காரியத்தை வேறொருவர் செய்திருந்தால் அடுத்த நாள் பத்திரிகை என்ன எழுதியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

இந்த ஓட்டத்தின் பயணம் அத்தோடு நிற்கவில்லை. கார்லோஸின் இசைத்தட்டில் முதல் பகுதியே இந்தக் கண்டாட்டாவின் சின்ஃபோனியாதான். 1986-ல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் தன் வீட்டில் பாஹைச் சந்தித்ததாகப் பெயரிட்ட பகுதியில் எடுத்துக்கொண்டதும் இதே வயலின் இசையைத்தான். பாஹின் கோட்டைக் கலைக்காமல் அதன் பக்கத்தில் தன் கோட்டை ஓடவிட்டார். சேர்ப்பவர்கள் திரும்பத் திரும்ப இந்தப் பகுதியிடம் போய் நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதில் முதலில் சேர்த்தவர் பாஹ்தான் என்பது தற்செயல் இல்லை.

‘அவர் எழுதியவர், அவருக்கு உரிமை உண்டு’ என்ற பதில் உடனே வரும். அப்படியானால் விவால்டி எழுதியதை மாற்ற பாஹுக்கு யார் உரிமை கொடுத்தது? ‘அவர் மேதை’ என்பது அடுத்த பதில். அதை ஏற்கிறேன், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மேதை சேர்த்தால் சரி, மற்றவர் சேர்த்தால் பிழை என்றால், சரியும் பிழையும் சேர்த்த விதத்தில் இருக்கிறது, சேர்ப்பதில் இல்லை. அதைக் காதால் கேட்டுத்தான் தீர்மானிக்க முடியும். கேட்காமலேயே விதிக்கும் தடை அந்த இடத்தில் முடிந்துபோகிறது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டைகளில் மிக அதிகமாகக் காப்பாற்றப்படும் படைப்பு டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும். பாஹ் கைப்பட எழுதிய ஏடு அதற்கு இல்லை; யோஹன்னஸ் ரிங்க் என்பவர் எடுத்த படியே நமக்கு ஆதாரம். 1981-ல் பீட்டர் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் அது பாஹுடையதுதானா, ஆர்கனுக்கு எழுதப்பட்டதுதானா என்றே கேள்வி எழுப்பினார். முதலில் வயலினுக்கு எழுதியதாக இருக்கலாம் என்றார். வழக்கு இன்னும் முடியவில்லை. எழுதியவர் யார், எந்தக் கருவிக்கு என்பதிலேயே ஐயமுள்ள ஒன்றுக்காக, எழுதியவரின் எண்ணத்தை மீறிவிட்டார்கள் என்று கொதிப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

3. நிறைவான கருவிக்குத் துணை எதற்கு? ஹாண்டலைக் கேட்க வேண்டும். 1735 முதல் லண்டனின் கோவென்ட் கார்டன் நாடக அரங்கில் ஒரட்டோரியோக்களின் இடைவேளைகளில் ஆர்கனையும் வாத்தியக் குழுவையும் சேர்த்து வாசித்துக் கூட்டம் சேர்த்தவர் அவர். 1886-ல் சான்-சான்ஸ் தன் மூன்றாம் சிம்ஃபனியில் ஆர்கனோடு பியானோவையும் உட்காரவைத்தார். 1938-ல் புலென்க் முடித்த கான்செர்ட்டோவில் ஆர்கன், தந்தி வாத்தியங்கள், டிம்பனி மூன்றும்தான். நிறைவானது என்பதன் பொருள், கூட்டு சேர முடியாதது என்பதில்லை. அதோடு ஆர்கனால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் குழாயிலிருந்து வரும் ஒலியின் அளவு ஒன்றே. விரலால் ஒரு சுரத்தை மட்டும் அழுத்திச் சொல்லவோ, ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தைத் தேயவிடவோ அதற்கு வழியில்லை. பியானோவும் தந்தியும் முரசும் அதைத்தான் செய்கின்றன. இவர்கள் மூவரும் சேர்த்தது ஆர்கனிடம் இல்லாததை.

4. டிரம்ஸ் கால அளவுச் சுதந்திரத்தைக் கொல்லுமா? இதுதான் கனமான வாதம் என்றேன். விரலழுத்தத்தால் முடியாததை ஆர்கன் வாசிப்பவர் நேரத்தைக் கொண்டு செய்கிறார். முக்கியமான சுரத்துக்கு முன் ஒரு நூலிழை இடைவெளி விடுகிறார்; அந்தச் சுரத்தின் மேல் சற்றே தங்குகிறார்; வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு வாங்குகிறார். கேட்பவர் அதை அழுத்தம் என்று உணர்கிறார். கல் தேவாலயத்தில் சில விநாடிகள் நீடிக்கும் எதிரொலியும் அவருக்குக் கருவியின் ஒரு பகுதிதான். அது அடங்குவதற்காகக் காத்திருந்து அடுத்ததைத் தொடுகிறார். இதன் நடுவே சீரான அடிகளை எண்ணிக்கொண்டே போகும் டிரம்ஸ் செட்டை வைத்தால் அவருடைய ஒரே மொழி பிடுங்கப்படுகிறது. எதிரொலியில் அந்த அடிகளே ஒன்றோடொன்று குழம்பி இரைச்சலாகவும் ஆகும். இதை மறுக்க நான் வரவில்லை. டி மைனர் டொக்காட்டாவின் தொடக்கத்தில் மூன்று வீச்சுகளுக்கு நடுவே வரும் மௌனங்களை எண்ணி நிரப்புகிற எந்த டிரம்மரும் அந்த இசையைப் புரிந்துகொள்ளவில்லை. அதன் உயிர் அந்த மௌனங்களில்.

ஆனால் இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும்? டொக்காட்டாவின் கட்டற்ற முகப்புக்குப் பொருந்துவது எல்லா ஆர்கன் இசைக்கும் பொருந்தாது. பாஹின் சி மைனர் பாசகாக்லியாவை எடுத்துக்கொள்வோம். எட்டு அளவுகள் கொண்ட ஒரு அடிநாதம் மூன்றடித் தாளத்தில் திரும்பத் திரும்ப வர, அதன்மேல் இருபது மாறுபாடுகள். அதன் வேர் நடனத்தில். விவால்டியிடமிருந்து மாற்றி எழுதிய கான்செர்ட்டோக்கள் இயந்திரம் போலச் சீராக ஓடுவதையே அழகாகக் கொண்டவை. சொல்லப்போனால் அவற்றைக் கண்டபடி இழுத்தும் நிறுத்தியும் வாசிப்பவர்தான் அவற்றைக் கெடுக்கிறார். இங்கே தாளக் கருவி வந்தால் இசையில் ஏற்கனவே இருக்கும் துடிப்பைத்தான் வெளியே எடுத்துக் காட்டும். 1731-ன் டிம்பனி செய்வதும் அதுவே. அது ஒவ்வொரு அடியையும் எண்ணுவதில்லை. ட்ரம்பெட்டுகளோடு சேர்ந்து வாக்கியம் கூடும் இடங்களில் இறங்கி, மற்ற நேரம் ஒதுங்கி நிற்கிறது. ஆக, டிரம்ஸ் கூடாது என்ற பொது விதி நமக்குக் கிடைக்கவில்லை. கட்டற்ற இசையின் மேல் எண்ணும் தாளத்தைக் கட்டாதே, சீரான இசையிலும் எல்லா அடியையும் அடிக்காதே, எதிரொலி அதிகமுள்ள கட்டடத்தில் இன்னும் குறைவாக அடி என்ற மூன்று நடைமுறை விதிகளே கிடைக்கின்றன. நல்ல டிரம்மருக்கு இவை ஏற்கனவே தெரியும்.

குரல்கள் மூடிப்போகும் என்ற அச்சத்துக்கு வரலாறு நேர் எதிரான சாட்சி சொல்கிறது. 1928-ல் ஷோன்பெர்க், பாஹின் இ ஃபிளாட் மேஜர் பிரெலூடையும் ஃபியூகையும் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். ஆர்கனின் ஒரே நிறப் பரப்பில் கலந்துபோகும் உள் குரல்களைத் தனித்தனி வாத்தியங்களுக்குக் கொடுத்துக் காதுக்குத் தெரியவைப்பதே அவருடைய நோக்கம். அதில் ஹார்ப்பும் செலஸ்டாவும் ஜால்ராவும் உண்டு. கார்லோஸ் பயன்படுத்திய மூக் சிந்தசைசருக்கு அன்று ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கத் தெரியும். அதனால் ஒவ்வொரு குரலையும் தனியாக வாசித்து, நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. விளைவாக, பெரிய தேவாலயத்தின் எதிரொலியில் கரைந்துபோகும் நடுக் குரல் அந்த இசைத்தட்டில் கத்திமுனை போலக் கேட்கிறது. பாஹ் வாசிப்பில் எவருக்கும் சலுகை காட்டாத கிளென் கூல்ட் அதைப் பாராட்டியது சும்மா இல்லை. ஃபியூகின் குரல்நடைதான் புனிதம் என்று வாதிடுகிறவர்கள், அதை இன்னும் தெளிவாகக் காட்டிய கருவியை அந்த ஒரே காரணத்துக்காகவாவது வரவேற்றிருக்க வேண்டும். அவர்கள் செய்யவில்லை. அவர்கள் காத்தது குரல்நடையை இல்லை, ஒலியின் பழக்கத்தை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

5. வழிபாட்டுக்குரிய கருவி என்று யார் சொன்னது? அதே தேவாலயம்தான் ஒரு காலத்தில் ஆர்கனையே வெளியே தள்ளியது. சீர்திருத்த அலையில் ஜூரிக் நகரின் கிராஸ்மூன்ஸ்டர் ஆர்கன் 1527-ல் உடைத்து அகற்றப்பட்டது. அடுத்த ஆர்கன் அங்கே வந்தது 1876-ல். 1644-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் தேவாலயங்களிலிருந்து ஆர்கன்களை நீக்க ஆணையிட்டது. கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளில் பெரும்பாலானவை இன்றுவரை வழிபாட்டில் மனிதக் குரலை மட்டுமே ஏற்கின்றன. அன்று ஆர்கன்மேல் வைத்த குற்றச்சாட்டுகளைப் படித்தால் சிரிப்பு வரும்: சொல்லை மூடுகிறது, மனத்தைக் கேளிக்கைக்கு இழுக்கிறது, உலகத்தின் ஓசையை உள்ளே கொண்டுவருகிறது. இன்று எலெக்ட்ரிக் கிட்டார்மேல் ஆர்கன்காரர்கள் வைக்கும் குற்றச்சாட்டுகளின் பட்டியல் இதுவேதான். 1903-ல் போப் பத்தாம் பயஸ் தேவாலய இசைக்கு விதிகள் வகுத்தபோது ஆர்கனை ஏற்றார். பியானோவையும் முரசு, ஜால்ரா போன்ற ஆர்ப்பாட்டக் கருவிகளையும் தடுத்தார். அதற்குச் சுமார் நூற்றெழுபது ஆண்டுகளுக்குமுன் லைப்சிக் வழிபாட்டில் முரசு ஒலித்திருந்தது. புனிதம் என்ற அளவுகோல் ஊருக்கு ஊர், சபைக்குச் சபை, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு இடம் மாறியிருக்கிறது. வழிபாட்டில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய அந்தந்தச் சபைக்கு முழு உரிமை உண்டு, அதில் வெளியார் தலையிட வேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமை கச்சேரி மேடைக்கும் இசைத்தட்டுக்கும் நீளாது.

சபையாரின் விருப்பமும் ஒரே பக்கமாக இருந்ததில்லை. 1706 பிப்ரவரியில் ஆர்ன்ஸ்டட் நகரத் திருச்சபை நிர்வாகம் இருபது வயதுப் பாஹை அழைத்துக் கண்டித்தது. கோரால் பாடல்களுக்கு வாசிக்கும்போது விசித்திரமான மாறுபாடுகளைச் செய்கிறார், பொருந்தாத சுரங்களைக் கலக்கிறார், பாடுகிற சபையார் குழம்பிப்போகிறார்கள் என்பது புகார். இரண்டு ஆண்டு கழித்து மூல்ஹவுசன் ஊரில் ஆர்கனைப் புதுப்பிக்க அவர் எழுதிக்கொடுத்த திட்டத்தில், பெடலில் இருபத்தாறு மணிகள் கொண்ட மணிவரிசை ஒன்றும் இருந்தது. அதைக் கேட்டவர்கள் சபையார்; மணிகளைத் தங்கள் செலவில் வாங்கித் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஓர் ஊரில் புதுமை மிகை என்றார்கள், அடுத்த ஊரில் இன்னும் சேர் என்றார்கள். கேட்பவர்கள் பிளவுபடுவது சிந்தசைசர் வந்ததால் நேர்ந்த சீரழிவு என்று எழுதுபவர்களுக்கு இந்த இரண்டு ஆவணங்களும் போதும்.

6. ‘இதெல்லாம் சோம்பேறிக் காதுகளுக்கான வியாபாரம்.’ வாதமாக முன்வைக்கப்படுவது இதுதான் குறைவு; மனத்துக்குள் இருப்பது இதுதான் அதிகம். வியாபாரம் உண்டு, மறுக்கவில்லை. கார்லோஸின் தட்டு அமெரிக்கச் செவ்வியல் விற்பனைப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. ஹாண்டலும் நுழைவுச்சீட்டு விற்கத்தான் இடைவேளையில் ஆர்கன் வாசித்தார். விற்றது என்பதால் ஒன்று தரமாகிவிடாது. விற்றுவிட்டது என்பதால் தரங்கெட்டும் விடாது. சோம்பேறித்தனம் என்பதைத்தான் தலைகீழாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். பழகிய ஒலியில் பழகிய படைப்பை நூறாவது முறை கேட்டுத் தலையாட்டுவதற்கு என்ன உழைப்பு வேண்டும்? அதே படைப்பு அறிமுகமில்லாத ஒலியில் வரும்போதுதான் காது மறுபடி வேலை செய்கிறது. எந்தக் குரல் எங்கே போகிறது என்று தேடவேண்டியிருக்கிறது.

இந்தப் பிளவில் இரு பக்கமும் நேர்க்கோட்டில் நின்றதும் இல்லை. அமெரிக்காவில் வர்ஜில் ஃபாக்ஸுக்கு எதிர்முனையாக வைத்துப் பேசப்பட்டவர் இ. பவர் பிக்ஸ். மின்னணு ஆர்கனை ஏற்காதவர், விசையிலிருந்து குழாய்வரை மரக்கோல்கள் இணைக்கும் பழைய முறைக் கருவிகளுக்காக வாதாடியவர். அந்தப் பிக்ஸ்தான் 1973-ல் ஸ்காட் ஜாப்ளினின் ராக்டைம் இசையைப் பெடல் ஹார்ப்சிகார்டில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். மதுக்கடைப் பியானோவுக்குப் பிறந்த இசை, பரோக் கால விசைக்கருவியில், காலால் வாசிக்கும் பேஸோடு. ரசித்துத்தான் செய்தார், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. செவ்வியல் கருவி கீழிறங்கி வந்தால் குறும்பு, வீதிக் கருவி மேலேறி வந்தால் அத்துமீறல் என்ற கணக்குக்கு இசையில் ஆதாரம் இல்லை. அதற்குப் பெயர் அந்தஸ்து.

இந்தத் தடையின் விளைவைத்தான் அதன் ஆதரவாளர்கள் யோசிப்பதில்லை. எதையும் சேர்க்காதே என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒரே கூடையில் விழுகின்றன. ஒவ்வொரு குரலையும் தனியாகச் செதுக்கிய கார்லோஸும், டொக்காட்டாவின் முதல் வரியின் கீழ் ஆயத்த டிரம் லூப்பை ஓட்டிவிட்டுப் புதுமை என்று விற்பவரும் ஒரே குற்றவாளிகள் ஆகிறார்கள். இதில் லாபம் இரண்டாமவருக்குத்தான். பழமைவாதிகள் எல்லாரையும்தானே திட்டுகிறார்கள் என்று சொல்லித் தப்பித்துவிடுகிறார். தடையின் இன்னொரு விளைவு, இளம் வாசிப்பாளர்கள்மேல் விழுகிறது. ஆர்கன் கற்கும் மாணவருக்குத் தானாகக் கற்பனை செய்து வாசிப்பது இன்றும் பாடத்தின் ஒரு பகுதி. கொடுத்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே ஒரு ஃபியூகைக் கட்டச் சொல்கிறார்கள். மற்ற செவ்வியல் கருவிகள் பெரும்பாலும் தொலைத்துவிட்ட அந்தத் திறமை, டிரம்மரோடும் கிட்டார் வாசிப்பவரோடும் உட்கார்ந்தால் அன்றே பயன்படக்கூடியது. அந்த மேடை உனக்கில்லை என்று ஆசிரியர்களே சொல்லி அனுப்பினால், அந்தத் திறமை தேர்வு அறையைத் தாண்டாது.

ஸ்கையின் டொக்காட்டாவை ஒருவர் தாராளமாகக் குறை சொல்லலாம். கார்லோஸின் ஒலி சில இடங்களில் பொம்மைத்தனமாக இருக்கிறது என்று எழுதலாம். 2014-ல் கேமரன் கார்ப்பென்டர் ஊர் ஊராக எடுத்துச் செல்லவென்று கட்டவைத்த டிஜிட்டல் ஆர்கனின் ஒலிபெருக்கிகளில் காற்றின் உடல் இல்லை என்றும் சொல்லலாம். அவை விமர்சனங்கள்; அவற்றோடு சண்டை போடலாம், உடன்படலாம், ஏட்டைத் திறந்துவைத்துச் சரிபார்க்கலாம். ‘ஆர்கனோடு எதையும் சேர்க்கக்கூடாது’ என்பதைச் சரிபார்க்க ஏட்டில் இடமே இல்லை. அந்தக் கருத்தை விடாமல் பிடித்திருப்பவர்கள் ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளட்டும். எந்த அளவில், எந்த அடி, எந்தக் குரலை மூடியது என்று காட்டட்டும். அதற்கு நான் பதில் சொல்லத் தயார்.